வாஷிங்டன் வம்சத்தின் சொத்துக் கணக்கு

ரிஷி மூலம், நதி மூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். ரிஷியும் நதியும் எவருடைய நிலத்துக்கும் பட்டா எழுதிக் கொண்டதில்லை. அவற்றின் மூலத்தை விட்டுவிடலாம். ஆனால் சொத்தின் மூலத்தைப் பார்த்தே தீர வேண்டும். பார்க்காமல் விட்டால், பறித்தவன் பெயர் பரம்பரைப் பெருமையாகிவிடும். பறிகொடுத்தவன் பெயரே இல்லாதவனாகிவிடுவான்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்ப வரலாறு இதற்குச் சரியான சாட்சி. அந்தக் குடும்பத்தின் வம்ச மரத்தைப் பண்டிதர்கள் கிளை கிளையாக வரைந்து வைத்திருக்கிறார்கள். யாருக்கு யார் மகன், எந்த மாதா கோவிலில் ஞானஸ்நானம், எந்தக் கல்லறையில் அடக்கம் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்கள். எழுதாததை எழுதவும் அவர்கள் தயங்கவில்லை. சிறுவன் ஜார்ஜ் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, பொய் சொல்லாமல் தகப்பனிடம் ஒப்புக்கொண்டான் என்று நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்களே, அந்தக் கதையை வீம்ஸ் என்ற பாதிரியார் வாஷிங்டன் செத்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1806-ல் தம் புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பில் சேர்த்தார். ஆதாரம் கிடையாது. பொய் சொல்லாத பிள்ளையைப் பற்றியே ஒரு கட்டுக்கதை!

வெட்டப்பட்ட மரம் இருக்கட்டும். மரம் நின்ற நிலம் யாருடையது? அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் யார்? அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லையா? வம்சம் இல்லையா? பண்டிதர்கள் கேட்காத இந்தக் கேள்விகளை நாம் கேட்கிறோம்.

மடத்து நிலமும் கம்பளிப் பணமும்

இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன்ஷயரில் சல்க்ரேவ் என்ற கிராமத்தில் ஒரு பழைய மாளிகை இருக்கிறது. வாஷிங்டனின் முன்னோர் வாழ்ந்த வீடு. 1914-ல் இதைப் பொதுப் பணம் திரட்டி வாங்கினார்கள். 1921-ல் திறந்து வைத்தார்கள். வாசலில் நட்சத்திரங்களும் பட்டைகளும் கொண்ட குலச் சின்னம். அமெரிக்கத் தலைநகரின் கொடியே இந்தக் குலச் சின்னத்திலிருந்து எடுத்ததுதான்.

இந்த வீடு எப்படி வந்தது? எட்டாம் ஹென்றி மன்னன் கிறிஸ்தவ மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களைப் பறிமுதல் செய்தான். பறித்ததைப் பணக்காரர்களுக்கு விற்றான். மடத்து நிலத்தை நம்பிப் பிழைத்த குடியானவர்களை யாரும் கேட்கவில்லை. அப்போது, 1539-ல், நார்த்தாம்ப்டன் நகரில் மேயராக இருந்த கம்பளி வியாபாரி லாரன்ஸ் வாஷிங்டன், சல்க்ரேவ் நிலத்தை வாங்கினார். வாஷிங்டன் குடும்பத்தின் கண்ணியம் அன்று தொடங்கியது. சர்க்கார் பறிக்கும், பணம் படைத்தவன் வாங்குவான், பேரப்பிள்ளைகள் அதைப் பரம்பரைச் சொத்து என்பார்கள். கடலைத் தாண்டிய பிறகும் இந்தக் குடும்பத்துக்கு இதுவே வழியாயிற்று.

கப்பல் தரை தட்டியது

நூறு ஆண்டுகளில் சல்க்ரேவ் செல்வம் கரைந்தது. அந்த வழியில் வந்த ஒரு பாதிரியார் மன்னர் கட்சிக்காரர். இங்கிலாந்தின் உள்நாட்டு யுத்தத்தில் 1643-ல் அவருக்குப் பதவி போயிற்று. அவர் மகன் ஜான் வாஷிங்டன், ஜார்ஜின் கொள்ளுப் பாட்டனார், புகையிலை ஏற்றப் போன ஒரு கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து வர்ஜீனியா வந்தார். 1657-ன் தொடக்கத்தில் அந்தக் கப்பல் போட்டோமாக் ஆற்றில் தரை தட்டியது. ஜான் அங்கேயே தங்கிவிட்டார்.

கையில் காசில்லாமல் வந்த வாலிபன் உழைப்பால் உயர்ந்தான் என்று இதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். உண்மைக் கணக்கைப் பார்ப்போம். 1658-ல் நதானியேல் போப் என்ற நிலப்பிரபுவின் மகளை ஜான் மணந்தார். மாமனார் கொடுத்த கலியாணப் பரிசு 700 ஏக்கர். அடுத்தது, வர்ஜீனியா சட்டம் தந்த வரம்: இங்கிலாந்திலிருந்து ஓர் ஆளைக் கப்பல் கூலி கொடுத்துக் கொண்டுவந்தால் கொண்டுவந்தவனுக்குத் தலைக்கு 50 ஏக்கர். வந்த ஏழைக்கு? கப்பல் கூலிக் கடனுக்காகப் பல ஆண்டுகள் கூலியில்லாத வேலை. வேலை வாங்குகிறவனுக்கே நிலமும் கிடைத்தது! 1674-ல் ஜானும் நிக்கோலஸ் ஸ்பென்சர் என்ற கூட்டாளியும் சேர்ந்து போட்டோமாக் கரையில் 5,000 ஏக்கரைப் பெற்றார்கள். அதில் வாஷிங்டன் பங்குதான் பிற்பாடு மவுண்ட் வெர்னான் என்று உலகப் புகழ் பெற்ற பண்ணையாயிற்று.

ஜான் நீதிபதியானார், சட்டசபை உறுப்பினரானார், படைக்குக் கர்னலானார். நிலத்தைத் தேடினவரே நிலத்துக்குச் சட்டம் செய்கிறவர். சட்டத்தை மீறினாரா என்று தீர்ப்புச் சொல்கிறவரும் அவர்களே!

பேச வந்தவர்களைக் கொன்றார்கள்

அந்த நிலத்தில் ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். 1675-ல் எல்லைப்புறத் தகராறு ஒன்று மூண்டது. வர்ஜீனியா படைக்குக் கர்னல் ஜான் வாஷிங்டன் ஒரு தலைவர். மேரிலாந்து படை ஒன்றும் சேர்ந்துகொண்டது. சஸ்குஹானாக் மக்களின் கோட்டையை முற்றுகையிட்டார்கள். பேச்சு வார்த்தைக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். ஐந்து தலைவர்கள் வந்தார்கள். ஐந்து பேரையும் கொன்றார்கள்.

யார் உத்தரவு என்று பிற்பாடு இரு தரப்பும் ஒன்றையொன்று கை காட்டின. மேரிலாந்து சட்டசபை தன் தளபதி மீது குற்றம் சாட்டியது. வர்ஜீனியா கவர்னரே இந்தக் கொலையைக் கண்டித்தார். ஆனால் கர்னல் வாஷிங்டனின் ஒரு ஏக்கர்கூடக் குறையவில்லை. பூர்வகுடி மக்கள் மட்டும் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'கொனொட்டோகாரியஸ்' – ஊர்களை விழுங்குகிறவன்.

வம்ச மரம் வரைகிறவர்கள் இந்தப் பெயரை ஒரு வேடிக்கைச் செய்தியாக ஓரத்தில் எழுதுகிறார்கள். நாம் சொல்கிறோம்: இந்தக் குடும்பத்தில் சொத்தைப் போலவே இந்தப் பெயரும் வாரிசு வழி வந்தது. கொள்ளுப் பேரன் ஜார்ஜ் 1753-ல் ஓஹியோ பள்ளத்தாக்குக்குப் போனபோது அதே பெயரால் அழைக்கப்பட்டார். தாமும் அந்தப் பெயரைக் கடிதங்களில் எழுதிக்கொண்டார். ஓஹியோவுக்கு ஏன் போனார்? அந்தப் பக்கம் குடியேற்றத்துக்கு 2,00,000 ஏக்கர் மானியம் பெற்ற ஓஹியோ கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவர் அவருடைய அண்ணன் லாரன்ஸ்! 1763-ல் பிரிட்டிஷ் மன்னன், அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று பிரகடனம் செய்தான். ஜார்ஜ் என்ன செய்தார்? இது இந்தியர்களைச் சமாதானப்படுத்தச் செய்த தற்காலிக ஏற்பாடு என்று 1767-ல் தம் நில அளவைக்காரருக்கு எழுதி, நல்ல நிலங்களை இப்போதே ரகசியமாகக் குறித்து வைக்கச் சொன்னார். 1754-ல் சிப்பாய்களுக்கு வாக்களித்த மேற்கு நிலத்திலும், சிப்பாய்கள் சிலரின் உரிமைகளை வாங்கிச் சேர்த்து, பெரும் பகுதியைத் தம் பெயருக்குக் கொண்டுவந்தார்.

1779-ல், சுதந்திர யுத்தத்தின் நடுவே, இரோக்குவா மக்களின் ஊர்களை அடியோடு அழிக்கும்படி தளபதி சல்லிவனுக்கு உத்தரவிட்டவர் இதே ஜார்ஜ். நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் எரிந்தன. விளைந்த சோளமும் பழ மரங்களும் அழிந்தன. 1790-ல் செனக்கா தலைவர் கார்ன்பிளான்டர் ஜனாதிபதியின் முகத்துக்கு நேரே சொன்னார்: உமது பெயரைக் கேட்டால் எங்கள் பெண்கள் இன்னும் திரும்பிப் பார்த்து முகம் வெளுக்கிறார்கள், குழந்தைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று. இதுவும் வாஷிங்டன் குடும்ப வரலாறுதான்.

ஒரே சட்டம், இரண்டு வம்சம்

நிலத்தின் கதை இது. இனி ஆட்களின் கதை.

ஜான் வாஷிங்டன் கரையேறுவதற்குச் சற்று முன்பு, 1656-ல், அதே வட்டாரத்தில் எலிசபெத் கீ என்ற பெண் ஒரு வழக்கில் வென்றாள். அவள் தாய் ஆப்பிரிக்க அடிமை, தந்தை ஆங்கிலேயர். பிள்ளை தகப்பன் வழி என்பது இங்கிலாந்து வழக்கம். ஆகவே நான் சுதந்திரப் பெண் என்றாள். வாதம் செல்லுபடியாயிற்று, விடுதலை பெற்றாள்.

நிலப்பிரபுக்கள் விழித்துக்கொண்டார்கள். 1662-ல் வர்ஜீனியா சட்டசபை புதுச் சட்டம் செய்தது. வர்ஜீனியாவில் பிறக்கும் பிள்ளை அடிமையா, சுதந்திரமா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது! 1667-ல் இன்னொரு சட்டம்: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான்.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். வாஷிங்டன் வீட்டில் சொத்து தகப்பன் வழியாக இறங்கும். அவர்களுடைய வயலில் வேலை செய்கிறவர்களுக்கு அடிமைத்தனம் தாய் வழியாக இறங்கும். ஆண்டையே தகப்பனானாலும் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை; ஆண்டைக்கு ஓர் அடிமை கூடுதல்! ஒரு குடும்பத்துக்கு வம்சம் என்பது பட்டா. இன்னொரு குடும்பத்துக்கு வம்சம் என்பது விலங்கு. இரண்டையும் எழுதியது ஒரே சட்டசபை.

1743-ல் ஜார்ஜின் தந்தை அகஸ்டின் இறந்தார். பதினொரு வயதுப் பையன் ஜார்ஜுக்கு வந்த பங்கில் ஒரு பண்ணையும் 10 மனிதர்களும் இருந்தார்கள். பம்பரம் விடும் வயதில் பத்துப் பேருக்கு ஆண்டை! 1759-ல் அவர் மணந்த மார்த்தா, பெரும் பணக்காரர் கஸ்டிஸின் விதவை. கஸ்டிஸ் உயில் எழுதாமல் இறந்ததால் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவையின் ஆயுள் வரைக்கும். அந்தப் பங்கில் 84 அடிமைகள். மார்த்தா இறந்தால் அவர்கள் கஸ்டிஸ் வாரிசுகளுக்குப் போக வேண்டும். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும், தாய் வழிச் சட்டப்படி, கஸ்டிஸ் கணக்கில் சேரும்.

1799-ல் மவுண்ட் வெர்னானில் வாஷிங்டனே ஒரு பட்டியல் எழுதினார். அடிமைகள் 317 பேர். 123 பேர் அவருக்குச் சொந்தம். 153 பேர் கஸ்டிஸ் கணக்கு. மற்றவர்கள் பெரும்பாலும் அக்கம் பக்கத்தில் வாடகைக்கு எடுத்தவர்கள். யார் எங்கே வேலை, யாருக்கு யார் மனைவி, எந்தத் தாய்க்கு எந்தப் பிள்ளை, வயது என்ன என்று குறித்திருந்தார். பண்டிதர்கள் வரைய மறந்த இன்னொரு வம்ச மரம் இதோ, ஆண்டையின் கையெழுத்திலேயே இருக்கிறது!

ஓனா ஜட்ஜின் குடும்பம்

அந்த மரத்தில் ஒரு கிளையைப் பார்ப்போம். பெட்டி என்பவள் கஸ்டிஸ் கணக்கு அடிமை, தையல் வேலைக்காரி. அவளுக்கும் ஆன்ட்ரூ ஜட்ஜ் என்ற ஆங்கிலத் தையற்காரருக்கும் பிறந்தவள் ஓனா. தகப்பன் ஒப்பந்தம் முடிந்து சுதந்திர மனிதராகப் போய்விட்டார். மகள்? எலிசபெத் கீக்கு 1656-ல் திறந்த கதவை 1662-ல் மூடிவிட்டார்களே! ஓனா அடிமை.

ஜனாதிபதியின் வீடு பிலடெல்பியாவில் இருந்தபோது ஓனா மார்த்தாவின் பணிப்பெண். பென்சில்வேனியாவில் 1780-ம் ஆண்டுச் சட்டப்படி, வெளியூர்க்காரரின் அடிமை அங்கே ஆறு மாதம் தொடர்ந்து இருந்தால் விடுதலை கேட்கலாம். ஜனாதிபதி என்ன செய்தார்? ஆறு மாதம் நிறையுமுன் அடிமைகளை ஏதாவது சாக்கில் வெளியே அனுப்பித் திரும்ப அழைத்தார். அவர்களுக்கும் ஊராருக்கும் தெரியாமல் இதைச் செய்ய வேண்டும் என்று 1791-ல் தம் காரியதரிசிக்கு எழுதினார். செர்ரி மரத்து உத்தமர்!

1796 மே மாதம், தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கலியாணப் பரிசாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்த ஓனா, எஜமானர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேளையில் வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தாள். பத்திரிகையில் 10 டாலர் சன்மானம் என்று விளம்பரம் வந்தது. பிடித்து அனுப்ப அரசாங்கச் சுங்க அதிகாரியையே ஜனாதிபதி ஏவினார். திரும்பி வரும்படி ஆசை காட்டினார்கள். அவள் திரும்பவில்லை. ஒரு கப்பல் தொழிலாளியை மணந்தாள். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். சுதந்திர மண்ணில் பிறந்த அந்த மூன்று பிள்ளைகளும் சட்டப்படி கஸ்டிஸ் குடும்பத்துச் சொத்து! 1799-ல் மார்த்தாவின் உறவினர் ஒருவர் அவளையும் கைக்குழந்தையையும் பிடித்துவர வந்தார். முன்கூட்டியே செய்தி கிடைத்து அவள் தப்பினாள். 1848-ல் இறக்கும் வரைக்கும் சட்டத்தின் கண்ணில் அவள் ஓடிப்போன அடிமைதான்.

முதுமையில் ஏழ்மையில் கிடந்தவளிடம், ஜனாதிபதி வீட்டை விட்டு வந்ததற்கு வருந்துகிறாயா என்று ஒருவர் கேட்டார். இல்லை, நான் சுதந்திரமானவள் என்றாள்.

'அந்தக் காலத்து நியாயம்' என்ற பசப்பு

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: அந்தக் காலத்து நியாயம் வேறு, இன்றைய அளவுகோலால் அளக்காதீர்கள் என்பார்கள்.

யாருடைய காலம்? யாருடைய நியாயம்? பென்சில்வேனியா சட்டம் 1780-ல் வந்தது; அது அந்தக் காலம் இல்லையா? 1791-ல் ராபர்ட் கார்ட்டர் என்ற வர்ஜீனியா நிலப்பிரபு 450-க்கு மேற்பட்ட அடிமைகளை விடுதலை செய்யப் பத்திரம் எழுதினார். அவர் எந்தக் காலத்து மனிதர்? ஜனாதிபதியின் சமையற்காரர் ஹெர்குலஸ் 1797-ல், வாஷிங்டனின் பிறந்த நாளன்றே தப்பிப் போனார். அப்பா போனதற்கு வருத்தமா என்று கேட்டபோது, அவருக்கு இப்போது சுதந்திரம் கிடைத்துவிட்டது, எனக்கு மிகவும் சந்தோஷம் என்றாள் அவருடைய சின்ன மகள். அந்தப் பிஞ்சுக்குத் தெரிந்த நியாயம் அந்தக் காலத்தில் இல்லையா?

இன்னொரு பதில்: வாஷிங்டன் தம் உயிலில் அடிமைகளை விடுதலை செய்தாரே! செய்தார். மறைக்க வேண்டியதில்லை. அடிமை வைத்திருந்த மற்ற ஜனாதிபதிகளில் பலர் அதைக்கூடச் செய்யவில்லை. ஆனால் எப்போது செய்தார்? தாம் அனுபவித்து முடித்த பிறகு, மனைவியும் இறந்த பிறகு என்று எழுதினார். மார்த்தா 1801 ஜனவரி முதல் தேதி அந்த 123 பேரை விடுவித்தார். கஸ்டிஸ் கணக்கு 153 பேர்? 1802-ல் மார்த்தா இறந்ததும் நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தார்கள். இரண்டு கணக்கு அடிமைகளும் ஒருவரையொருவர் மணந்திருந்தார்கள். ஆகவே புருஷனுக்கு விடுதலை, மனைவியும் பிள்ளைகளும் பாகப் பிரிவினையில்! பண்டிதர்கள் வாயாரப் புகழும் அந்த உயில், அந்தச் சட்டத்தின் கீழ், எத்தனையோ குடும்பங்களைப் பிரித்தது. ஆட்களைச் சொத்தாக்கிய அமைப்பில் ஒரு நல்ல காரியம்கூட நல்லபடி முடியாது.

பாகம் பெற்றவர்களில் ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ். அவருடைய மகளை மணந்தவர் ராபர்ட் லீ. அடிமை முறையைக் காக்க 1861-ல் ஆயுதம் எடுத்த தென் மாகாணங்களின் சேனாபதி! வம்ச மரத்தில் இந்தக் கிளையும் உண்டு.

பெயர் யாருடையது?

ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அந்தக் குடும்பப் பெயர் அழியவில்லை. 2000-ம் ஆண்டு அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் 1,63,000 பேர் இருந்தார்கள். அவர்களில் 100-க்கு 90 பேர் கறுப்பு மக்கள்! சல்க்ரேவ் மாளிகையின் பெயரை இன்று பெரும்பாலும் சுமப்பவர்கள் அடிமைகளின் சந்ததியார். அந்த வம்ச மரத்தை எந்தப் பண்டிதன் வரைந்தான்?

அந்தப் பெயரில் ஒருவர் ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவில் காம்பியா ஆற்றுப் பக்கத்தில் பிறந்தவர். மவுண்ட் வெர்னானில் அடிமை. ஆண்டை சுதந்திர யுத்தம் நடத்திக்கொண்டிருந்த 1776-ல் ஹாரி தம் சுதந்திரத்தைத் தேடி பிரிட்டிஷார் பக்கம் ஓடினார். நோவா ஸ்கோஷியா போனார்; 1792-ல் சியரா லியோன் போனார். அங்கே குடியேறியவர்களின் நிலத்துக்குக் கம்பெனி வரி போட்டது. 1800-ல் கலகம் வெடித்தது. கலகக்காரர்களோடு நின்று நாடு கடத்தப்பட்டார் ஹாரி. நியாயமற்ற வரியை எதிர்த்துப் போராடிய வாஷிங்டன்கள் இருவர். ஒருவருக்கு ஒரு தலைநகரம். இன்னொருவருக்கு நாடு கடத்தல்.

1776-ம் ஆண்டுப் பிரகடனம் மன்னனின் அதிகாரத்தை உடைத்தது. உலகம் அதை மறக்காது. மனிதர் எல்லோரும் சமம் என்று அது சொன்னதை நம்பி, அதற்காகப் போராடியவர்கள் யார் என்பதே நம் கேள்வி. ஓனா நம்பினாள். ஹெர்குலஸ் நம்பினார். ஹாரி நம்பினார். பிலடெல்பியாவில் ஜனாதிபதி வீடு இருந்த இடத்தில், அங்கே அடிமைப்பட்டிருந்த ஒன்பது பேரின் பெயர்களைக் கல்லில் பொறித்த நினைவிடம் 2010-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கும் ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2025 மார்ச் மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஓர் உத்தரவு போட்டார்: அரசாங்க நினைவிடங்கள் முன்னோரைத் தாழ்த்திப் பேசக் கூடாதாம்!

எந்த முன்னோரை? ஓனா முன்னோர் இல்லையா? பேச வந்து செத்த அந்த ஐந்து பேர் யாருக்கும் முன்னோர் இல்லையா? ஆண்டையின் வரலாற்றை மட்டும் சொல்வதுதான் அவர்களைத் தாழ்த்துவது. வாஷிங்டன் குடும்ப வரலாற்றை எழுதட்டும், தாராளமாக எழுதட்டும். ஆனால் முழுதாக எழுதட்டும். 317 பெயர்களும் அதில் இருக்கட்டும்!